ஆட்டு வயிற்றிலிருந்து வந்த பார்டர்

அழைப்பிதழில் 'புழு' என்ற சொல் வரவே கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவர். நான் இத்தனை காலமும் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுத்தது அவருக்குத்தான். என் மனைவிக்குப் பாராட்டு விழா எடுக்கிற குழுவுக்கும் அவரே தலைவர். கல்யாண மண்டபத்தில் விழா, முடிந்ததும் இலை போட்டுச் சாப்பாடு, இதில் புழு என்று அச்சடித்தால் எவனுக்குச் சோறு இறங்கும் என்பது அவர் கட்சி.

"சரிங்க, ஒட்டுண்ணி ஆராய்ச்சின்னு போட்டுக்கலாம்" என்றேன்.

"ஒட்டுண்ணியா? யாரையோ திட்ற மாதிரி கீதேப்பா. கால்நடை விஞ்ஞானின்னு போடு. கேக்கறதுக்கு மங்களகரமா கீது."

அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் தெருவே சொல்லும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தப் புழுவை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்ததில் முதலாளி எனக்குப் பிறகுதான். முப்பது வருஷத்துக்கு மேல் மறைத்திருக்கிறேன். அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஆடு மாடுகளின் வயிற்றில் வாழும் புழுக்களை ஆராய்ந்தவள். என் தாய்மாமன் மகள். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போதே எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நான் பத்தாவதோடு நிறுத்தியவன். படித்த பெண் இவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று சொந்தக்காரர்கள் ரொம்பவும் கவலைப்பட்டார்கள். அவர்கள் கவலை வீண். எங்கள் வீட்டில் சண்டை வந்ததெல்லாம் படிப்பால் அல்ல, ஃப்ரிட்ஜால். தயிருக்குப் பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை டப்பா இருக்கும். டப்பாவின் மேல் ஊர் பெயர் எழுதியிருப்பாள். சேத்துப்பட்டு, பெரணமல்லூர், கண்ணமங்கலம் என்று வரிசையாக. ஒருமுறை என் மாமியார் அதில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு எங்கள் வீட்டில் வெந்நீரைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றுவிட்டார். அதுவும் பெற்ற மகள் வீட்டில்.

அவளுக்கு வேலை வேலூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில். தினமும் கண்ணமங்கலம் வழியாக பஸ். மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள், அவர்களுக்குப் பாடமும் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பெயர். அன்றைக்கு ஊரே கறிக்கடைக்குப் போகும், அவளும் போவாள், கையில் பக்கெட்டோடு. மற்றவர்கள் தொடைக்கறி கேட்பார்கள். இவள் ஆட்டின் நாலாவது இரைப்பையைக் கேட்பாள். கறிக்கடை பாய் அவளுக்கென்று எடுத்து வைத்திருப்பார். "ஜல்தி வாங்க டாக்டரம்மா, உங்க பார்சல் ரெடியா கீது" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார். நான் அந்த நேரத்தில் வேறு தெருவில் டீ குடிக்கப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இரைப்பையைப் பின்கட்டில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து நறுக்கித் திறந்து, தண்ணீர் ஊற்றி அலசுவாள். தட்டில் சின்னச் சின்னச் சிவப்பு நூல்கள் மிதக்கும். ஒரு விரற்கடை நீளம், தையல் நூல் கனம். முதல் நாள் அருவருப்போடு எட்டிப் பார்த்தேன். அவள் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அருவருப்பு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. புழுவின் உடம்புக்குள் ஆட்டின் இரத்தத்தைக் குடித்துச் சிவந்த குடல் ஒன்று நீளமாக ஓடுகிறது. அதைச் சுற்றிச் சுற்றி வெள்ளையாக முட்டைக் குழாய் ஏறுகிறது. சிவப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஒரே சீரான முறுக்கு. எந்த டிசைன்காரன் கையாலும் அவ்வளவு பிசகில்லாமல் போட முடியாது.

"அழகா கீது இல்ல?" என்றாள்.

"அழகா? ரத்தங்குடிக்கிற சனியன்" என்றேன்.

"ரெண்டுந்தாங்க" என்றாள்.

அது பெண் புழு. ஓர் ஆட்டின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அத்தனையும் இரத்தம் குடித்தால் ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பையாகத் தொங்கும். ஒருநாள் காலையில் பட்டியைத் திறந்தால் படுத்த ஆடு எழுந்திருக்காது. ஆடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது எப்படிப்பட்ட காலை என்று அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்த முறுக்குப்புழுவைத்தான் அவள் ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டாள்.

அவள் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த சமயம். புழுவின் நடு உடம்பைப் பெரிதாக்கி வரைய வேண்டியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து அளவெடுத்துவந்து வீட்டில் வரைவாள். வரைகிற தாள் தீர்ந்துபோய் என்னுடைய கிராப் தாளை எடுத்துப் பென்சிலில் வரைந்தாள். கட்டம் போட்ட தாள், அளவுக்கு வசதி. "கொஞ்சம் கலர் அடிச்சுக் குடுக்கறீங்களா, எனக்குக் கை நடுங்குது" என்று கேட்டாள். நானும் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மாதிரிதானே அடிக்க முடியும்? ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். சிவப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம், பக்கத்தில் எது பட்டு எது ஜரிகை என்று பழக்க தோஷத்தில் குறியும் போட்டுவிட்டேன். முடித்துவிட்டு மேஜைமேல் வைத்தேன்.

மறுநாள் நான் வெளியே போயிருந்தபோது அட்டை குத்துகிறவர் வந்தார். கிராப் தாளில் இருக்கிற டிசைனைக் கட்டத்துக்கு ஓர் ஓட்டையாக அட்டையில் குத்திக் கொடுப்பவர். அந்த அட்டையைத் தறிமேல் மாட்டினால்தான் டிசைன் சேலையில் இறங்கும். முகூர்த்த சீசனுக்குப் புது பார்டர் ஒன்று தருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டு மேஜையில் கட்டம் நிரப்பின தாள் ஒன்று கிடந்தால் அது வேறு என்னவாக இருக்கும்? எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தாளைத் தேடிய தேடல் இன்றும் கண்ணில் நிற்கிறது. எலி இழுத்துப்போயிருக்கும் என்று நான் சொன்னேன். அவள் மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். அந்த வாரக் கடைசியில் முதலாளி ஆள்விட்டுக் கூப்பிட்டார். போனால், கடையில் ஒரு மாதிரித் துண்டை விரித்துவைத்துக்கொண்டு முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறார். அரக்குச் சிவப்புப் பட்டில் வெள்ளி ஜரிகை ஏறி ஏறி இறங்குகிறது. என் மனைவியின் புழு. தலையும் இல்லை, வாலும் இல்லை, முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இன்னா பார்டர்ப்பா இது! இத்தினி வருஷம் இத எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். "ரெண்டு மால ஒண்ணோட ஒண்ணு பின்னிகினு போற மாதிரி கீது. மாலைமாத்து பார்டர்னு பேரு வெச்சுட்டேன்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். அவள் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து மறுபடி பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் புழுவுக்குப் பட்டுக் கட்டிட்டீங்களே!" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே தெரிந்தால் என் பிழைப்பு நாறிவிடும், கல்யாணச் சேலையில் புழு என்றால் ஒருத்தியும் தொடமாட்டாள், முதலாளி என்னைத் தெருவில் நிறுத்திவிடுவார் என்று கெஞ்சினேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "சரி. ஆரணியில யாருகிட்டயும் நான் சொல்லமாட்டேன். நீங்களாத்தான் சொல்லணும். ஆனா ஒண்ணு. நீங்க சொல்ற வரைக்கும் இந்தப் பொடவய நான் கட்டமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாட்டுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை. மாலைமாற்று பார்டர் ஓகோ என்று போனது. ஆரணிக்குக் கல்யாணப்பட்டு எடுக்க வருகிறவர்கள் அதைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். எங்கள் தெருவில் அது இல்லாத பீரோ கிடையாது. எங்கள் மகளே அந்த பார்டரில்தான் தாலி கட்டிக்கொண்டாள். மணப்பெண்ணின் அம்மா மட்டும் சாதாக் கரைபோட்ட பச்சைச் சேலையில் நின்றாள். "இன்னாத்துக்குடி நீ மட்டும் இப்பிடி?" என்று கேட்டவர்களிடம், "எனக்கு ஒத்துக்காது" என்றாள். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரின் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டே நான் தலைகுனிந்து நின்றது யாருக்கும் தெரியாது.

இடையில் இன்னொரு கூத்து நடந்தது. அந்த முதல் மாதிரித் துண்டை ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தேன். ஒருநாள் திறந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குக் கத்தரித்து எடுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அன்றைக்கு மேஜையிலிருந்து தாளை எடுத்துப்போன அட்டை குத்துகிறவர்தான் என்று. வேறு கடைக்காரனுக்கு விற்றுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். விசாரணை எல்லாம் கிடையாது. அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். எதிரில் வந்தால் அவர் சிரிப்பார், நான் மின்கம்பத்தைப் பார்ப்பேன். கம்ப்யூட்டர் வந்து கையால் அட்டை குத்துகிற வேலை நின்று, அவர் மகன் வீட்டில் ஓய்வாக உட்கார்ந்த பிறகும் நான் பேசவில்லை.

இந்தப் பக்கம் நான் ஒளித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் புழு மருந்து ஊற்றுவது வழக்கம். அவளோ, மருந்து ஊற்றிய ஆடுகளின் புழுக்கையை எடுத்துவந்து, அதிலுள்ள புழு முட்டைகளை எண்ணிப் பார்த்து, புழுக்கள் சாகவில்லை, அந்த மருந்துக்கே பழகிவிட்டன என்று எழுதினாள். யாரும் நம்பவில்லை. மேலதிகாரி ஒருவர், நீ எண்ணுவதில்தான் பிழை என்றார். அவள் மறுபடி எண்ணினாள். பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கவே விடவில்லை. "மருந்து ஊத்தாதன்னு சொல்ற டாக்டர எங்கியாவது பாத்துக்கிறியா?" என்று விரட்டினார்கள். அழுதுகொண்டு வந்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். கடுங்கோபத்தோடு வந்தாள். அந்த விஷயத்தில் எனக்கேற்ற ஜோடி.

மருந்தையே நிறுத்தச் சொல்லவில்லை அவள். இரத்தம் குறைந்த ஆட்டுக்கு மட்டும் ஊற்றுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள், அப்போதுதான் மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும் என்றாள். இரத்தம் குறைந்த ஆட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் போதும். நல்ல சிவப்பு என்றால் தெம்பான ஆடு. வெளுக்க வெளுக்க ஆபத்து. ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டில் வண்ண அட்டை இருந்தது. அதை இங்கே நகலெடுத்துக் கொடுத்தால் ஒவ்வொரு நகலும் ஒவ்வொரு நிறம், வெயிலிலும் மூத்திரத்திலும் ஒரு மாதத்தில் வெளுத்துவிடும்.

ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆரணியில் உட்கார்ந்துகொண்டு சாயம் போகிறதே என்று அழுவதா? சாயப்பட்டறைக்குப் போய் நானே பக்கத்தில் நின்று ஐந்து நிறத்தில் பட்டு நூல் போடவைத்தேன். நல்ல சிவப்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக இறங்கி, பால் வெள்ளையில் முடியும். ஐந்து நூலையும் ஒரு சின்ன மரச்சட்டத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் ஓர் ஆட்டின் இமைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள். கிராமம் கிராமமாக அந்த நூல்சட்டம் போனது. போன இடத்திலெல்லாம், "எங்க ஊட்டுக்காரரு சாயம் போட்டுக் குடுத்தது" என்று சொல்லித்தான் கொடுப்பாளாம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு குத்தல். என் நூலை அவள் ஊரெல்லாம் சொன்னாள். அவள் புழுவை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சரி, விழாவுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு, அவள் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகளெல்லாம் கூடி அவளுக்கு வாழ்நாள் சாதனைக்கென்று விருது கொடுத்தார்கள். செய்தி பேப்பரில் வந்தது, வாட்ஸ்அப்பில் சுற்றியது. பிறகுதான் ஊருக்கு அவளைத் தெரிந்தது. மண்டப வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். 'பட்டு நகரின் பெருமை, கால்நடை விஞ்ஞானி' என்று எழுதி, அவள் படத்துக்குப் பின்னால் துள்ளி ஓடும் குதிரை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அவள் வாழ்க்கையில் ஒரு குதிரைக்கும் வைத்தியம் பார்த்ததில்லை.

வாசலில் நின்று அதைப் பார்த்தாள். "புழு எங்கங்க?" என்றாள்.

"சாப்பாடு கீதுன்னு எடுத்துட்டாங்க."

"நாப்பது வருஷமா நான் இன்னா செஞ்சேன்னு கேட்டா, ஒரு வார்த்தைல சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையத்தான் எடுத்துட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர்களின் மனைவிமார்கள், பாதிப்பேர் மாலைமாற்று பார்டரில். இரண்டாம் வரிசையில் அட்டை குத்துகிறவர், கைத்தடியோடு. நடுவில் கிராமங்களிலிருந்து வேன் வைத்து வந்திருந்த ஆட்டுக்காரர்கள். கடைசி வரிசைகளில் அவளிடம் படித்த டாக்டர்கள் ஒரு கூட்டமாக, ஏதோ காகிதத்தில் சுற்றிய சட்டம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு. பேசியவர்கள் எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றிப் பேசினார்கள், பசும்பாலின் மகிமையைப் பற்றிப் பேசினார்கள். முக்கால் மணி நேரத்தில் அவள் என்ன வேலை செய்தாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வாழ்த்துரை கடைசியில் வைத்திருந்தார்கள்.

அதற்குமுன் முதலாளி மைக்கைப் பிடித்தார். தாம்பாளத்தில் ஒரு சேலை வந்தது. "மத்த ஊர்ல பொன்னாடை போத்துவாங்க. ஆரணியில பட்டுதான் போத்துவோம்!" என்றார். கைதட்டல். "அதுலயும் இன்னா பட்டு? நம்ம மாலைமாத்து பார்டர்! இதப் போட்ட மகராசன் யாரு? அதோ ஒக்காந்துகினு கீறாரே, டாக்டரம்மா ஊட்டுக்காரருதான்!" இன்னும் பெரிய கைதட்டல். சேலையை உதறிப் பிரித்தார். அரக்குச் சிவப்பில் வெள்ளி ஜரிகை விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

அவள் எழுந்து நின்றாள். சபையில் ஒருவர் போர்த்தவரும்போது மறுக்க முடியுமா? மறுக்காமல் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அந்தச் சேலையை உடம்பில் படவிடாதவள். முதலாளி இரண்டு அடி எடுத்துவைத்தால் அவள் வைராக்கியம் என்னால் உடையும். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மூக்கின்மேல் இருக்கிற அந்தக் கோபம் ஆயுசில் ஒரே ஒருமுறைதான் சரியான நேரத்துக்கு வந்து உதவியது.

"மொதலாளி, ஒரு நிமிஷம்" என்று எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு. பிடுங்கினேன்.

"இது மால இல்லீங்க" என்றேன். "இது புழு."

பின்னால் சமையல்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. ஆட்டின் நாலாவது இரைப்பையிலிருந்து ஆரம்பித்தேன். சிவப்பு எது, வெள்ளை எது, தாள் எப்படிப் போனது, நான் எப்படி வாயை மூடிக்கொண்டு பெயரெடுத்தேன், எல்லாம் சொன்னேன். "இந்த டிசைன நான் போடல. அந்தப் புழு உள்ள இப்பிடித்தான் கீதுன்னு கண்டு, அளவெடுத்து வரஞ்சது இவங்க. நான் கலர் அடிச்சவன். எம் பொண்டாட்டி நாப்பது வருஷமா ஆட்டு வயித்துப் புழுவ ஆராய்ச்சி பண்ணாங்க. புழுவ! அத வெளிய சொல்ல நான் வெக்கப்பட்டேன். அதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

முன்வரிசையில் ஒரு பெண்மணி தன் சேலையின் கரையை மெதுவாகத் தூக்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். பார்த்ததும் பக்கத்து நாற்காலிப் பெண்மணியும் தூக்கிப் பார்த்தார். முதலாளி விரித்த சேலையோடு சிலையாக நின்றார். "இன்னாப்பா சொல்ற நீ?" என்றார். "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் ரத்தங்குடிக்கிற புழுவயா வித்துகினு இருந்தேன்?"

அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெரணமல்லூர்ப் பக்கத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும், ஆடு வைத்துப் பிழைப்பவள். அவளுடைய ஊரில்தான் என் மனைவியைப் பஸ்ஸைவிட்டு இறங்கவிடாமல் விரட்டினார்கள். விரட்டியதில் இவளும் உண்டு என்று பிறகு அவளே சொன்னாள். கழுத்தில் தாலிக்கயிற்றோடு ஒரு சின்ன மரச்சட்டம் தொங்கியது. ஐந்து நிறப் பட்டு நூல்.

"இன்னாத்துக்கு எல்லாம் மூஞ்ச சுளிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "அந்தப் புழு எம் பட்டியில பாதி ஆட்டத் தின்னுச்சு. மீதி ஆட்ட இந்தம்மா காப்பாத்திக் குடுத்தாங்க. அந்த ஆட்ட வெச்சுத்தான் எம் பொண்ண நர்சுக்குப் படிக்கவெச்சேன். தையில அவளுக்குக் கல்யாணம். எனக்கு இந்தப் பொடவதான் வோணும். இத்தினி வருஷம் எங்க ஆட்டு வயித்துல கெடந்து ரத்தம் குடிச்சுது இல்ல? இனிமே எம் பொண்ணு கால்ல கெடக்கட்டும்!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அடுத்த நொடி மண்டபமே சிரித்தது, கைதட்டியது, ஆட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள். கரையைத் தூக்கிப் பார்த்த பெண்மணி அதைக் காலடியில் பட்டென்று உதறிவிட்டு, காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தார். முதலாளி வியாபாரி. காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "கேட்டுக்கோங்க ஜனங்களே! உலகத்துலயே ஆரணியிலதான் புழுவ ஜெயிச்சு சேலையில கட்டிப்போட்டுக்கிறோம்!" என்று முழங்கினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அடிக்கவும் தோன்றியது.

அவர் போர்த்த வந்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மைக்கில் சொன்னாள்: "அவரு போத்தட்டும்ங்க."

நான் போர்த்தினேன். அவள் முந்தானையைப் போல அதை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். முப்பது வருஷம் கழித்து அந்த பார்டர் அவள்மேல் இருந்தது. மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் பேசியபோது முன்வரிசைக்காரர்கள் உறைந்துபோனார்கள், சரி. கடைசி வரிசையில் இருந்த டாக்டர்கள் மட்டும் முதலிலிருந்தே சிரித்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டும் இருந்தார்களே, ஏன்? அவர்கள் இப்போது மேடைக்கு வந்தார்கள். கொண்டுவந்த சட்டத்தின் காகிதத்தைப் பிரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அவள் பாடம் எடுத்த அறைச் சுவரில் மாட்டியிருந்ததாம். அவள் ஓய்வு பெற்றபோது அங்கேயே விட்டுவந்ததை, கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்குள் ஒரு சாண் பட்டு. அரக்குச் சிவப்பும் வெள்ளி ஜரிகையும். என் டிரங்குப் பெட்டியிலிருந்து காணாமற்போன துண்டு.

"எங்க எல்லாருக்கும் மொத வகுப்பே இதுதாங்க" என்றார் அவர்களில் ஒருவர், நரைத்த தலை. "அம்மா இத வெச்சுத்தான் இந்தப் புழுவப் பாடம் எடுப்பாங்க."

நான் அவளைப் பார்த்தேன். "ஆரணியில சொல்லமாட்டேன்னு தானே சொன்னேன்" என்றாள், ஒன்றும் அறியாதவளைப் போல.

நான் இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். அட்டை குத்துகிறவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கைத்தடியைத் தூக்கி என்னை அடிப்பதுபோல் காட்டினார். மேடையிலிருந்தே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்தார். இந்தமுறை பார்ப்பதற்கு மின்கம்பம் எதுவும் இல்லை.

பிறகுதான் சட்டத்தைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் பார்த்தேன். பட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய சின்னக் கையெழுத்து. சிவப்புக்கு ஒரு கோடு இழுத்து 'இரத்தம் நிறைந்த குடல்' என்று எழுதியிருந்தாள். வெள்ளைக்கு ஒரு கோடு இழுத்து 'முட்டைக் குழாய்'. மை பழுப்பேறிப்போயிருந்தது. கீழ் மூலையில் 'நிறம் தீட்டியவர்' என்று போட்டு, அதன் எதிரில் என் அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயர் இருந்தது. அவளிடம் படித்த அத்தனை பேரும் முதல் நாளில் படித்தது அந்தப் பெயரைத்தான்.